பதினோரு வோல்ட் எங்கே போனது?

திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் வீட்டில், பின்கட்டுக் குளியலறைக்கு மட்டும் இன்னும் குண்டு பல்புதான். எல்இடி வாங்கிக் கொடுத்தால் அம்மா அதை வாசலுக்கு மாட்டிவிட்டு, "இங்க இந்த மஞ்ச வெளிச்சமே போதும்டா" என்று பழைய அறுபது வாட் பல்பையே திருப்பிப் போட்டுவிடுவார். அந்தப் பிடிவாதத்துக்கு இன்று கும்பிடு போடுகிறேன். எல்இடி மாட்டியிருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கும், எங்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் அந்தப் பல்பு மங்கி ஒரு முழுங்கு முழுங்கும். அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் இரண்டு வருடமாக ஒரே பதிலைச் சொன்னோம்: லோ வோல்டேஜ். எங்கள் தெருவில் மிக்சி சுற்றவில்லை என்றாலும் ஃபேன் மெதுவாக ஓடினாலும் ஈபியைத் திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவது வழக்கம். போன மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினேன், பிளக் டாப்பின் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுத்திருந்தது. மோந்து பார்த்தால் லேசான மீன் வாடை. கருகிய பிளாஸ்டிக்குக்கு அந்த வாடை உண்டு என்பது அன்றைக்குத் தெரியாது, எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணில் தேடினேன்.

நான் படித்தது பி.காம். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த முக்கோணம் மட்டும் ஞாபகம் இருந்தது: மேலே மின்னழுத்தம், கீழே மின்னோட்டமும் மின்தடையும், வேண்டியதை விரலால் மூடினால் சூத்திரம் வந்துவிடும். மின்தடை என்றால் எனக்கு அப்போதும் சரி, அதற்கப்புறமும் சரி, மாசத்துக்கு ஒரு நாள் பேப்பரில் வரும் 'நாளை மின்தடை' தான். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம், அதனால்தானோ என்னவோ கம்பிக்குள் இருக்கிற மின்தடை யார் மனசிலும் ஒட்டுவதே இல்லை.

முன்னூறு ரூபாய்க்குள் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர் வாங்கினேன். வாங்கிய அன்றே செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் புதிதாக மீட்டர் வாங்குகிற எல்லோரும் ஒரு தடவை இதைச் செய்யப் பார்ப்பார்கள். கரண்ட் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க, சிவப்பு லீடைப் பத்து ஆம்பியர் ஓட்டையில் செருகி, இரண்டு முனையையும் பிளக் பாயின்ட்டுக்குள் விட்டேன். டப். நீலப் பொறி, எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற ஸ்விட்ச்) விழுந்தது, லீடின் முனை பாதி காணாமல் போனது. ஆம்பியர் அளக்கிற ஓட்டைக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு, அதன் தடை ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 230-ஐ 0.01-ஆல் வகுக்க 23,000 ஆம்பியர் வருகிறது. வீட்டு வயரிங்கில் அவ்வளவு பாயாது, கம்பியே தடுத்துவிடும், ஆனால் நான் செய்தது பச்சையான ஷார்ட் சர்க்யூட் என்று அந்த ஒரு வகுத்தலே சொல்லியிருக்கும். போதாததற்கு, இந்த மாதிரி விலை குறைந்த மீட்டர்களில் அந்தப் பத்து ஆம்பியர் ஓட்டை டிசிக்கு மட்டும்தான், அதற்கு ஃப்யூஸ் கிடையாது என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருந்தது. படித்தது வெடித்தபிறகு. வோல்ட் அளக்கிற பக்கம் மட்டும் தப்பித்துக்கொண்டது.

சரி, ஆம்பியருக்கு வேறு வழி என்ன என்று விசாரித்து டாங் டெஸ்டர் வாங்கினேன். வயரை வெட்டாமல் வாயைத் திறந்து கவ்விப் பிடித்தால் ஆம்பியர் காட்டும். ஹீட்டர் வயரைக் கவ்வினேன், 0.00. இஸ்திரிப் பெட்டி, 0.00. நேராகக் கடைக்குப் போய் டூப்ளிகேட் கொடுத்துட்டீங்க என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் நிதானமாக, "முழு ஒயரையும் பிடிச்சீங்களா, ஒத்தை ஒயரைப் பிடிச்சீங்களா?" என்று கேட்டார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே உறைக்குள் இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று அடித்துவிடும், மீட்டருக்குப் பூஜ்யம்தான் தெரியும். பேஸ் வயரை மட்டும் தனியே பிரித்துக் கவ்வ வேண்டும். அரை மீட்டர் பதினாறு ஆம்பியர் வயரில் மேல் உறையை மட்டும் நீளவாக்கில் கீறி மூன்று வயரையும் தனித்தனியாக வெளியே எடுத்து, ஒரு பக்கம் பிளக்கும் ஒரு பக்கம் சாக்கெட்டும் மாட்டி அவரே செய்து கொடுத்தார். உள் வயரின் மேல் கத்தி படக் கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதுதான் அதிகம் பயன்படுகிற கருவி.

இதற்கு நடுவில், கரண்டை ஆஃப் பண்ணிவிட்டு மீட்டரின் ஓம் ரேஞ்சில் தடையை நேராகவே அளந்துவிட்டால் என்ன என்றும் ஒரு ஆசை. குண்டு பல்பைக் கழற்றி வைத்து அளந்தேன், 66 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட்: 230-இன் வர்க்கம் 52,900, அதை 66-ஆல் வகுத்தால் 801. அறுபது வாட் பல்பு எண்ணூறு வாட் சாப்பிடுகிறதாம்! பல்பு எரியும்போது உள்ளே டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறி 882 ஓம் பக்கம் போய் நிற்கும். குளிர்ந்த பல்பை அளந்தால் குளிர்ந்த பல்பின் கதைதான் கிடைக்கும். குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்சைத் தட்டுகிற நொடியில் ஃப்யூஸ் ஆவதற்கும் இதுதான் காரணம். ஹீட்டர் அப்படி இல்லை. உள்ளே இருக்கிற நிக்ரோம் கம்பி சூடானாலும் தடை பெரிதாக மாறாது. இரண்டாயிரம் வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி 26.45 ஓம், மீட்டர் 26.9 காட்டியது. இரண்டு லீடையும் ஒன்றோடொன்று ஒட்டினாலே 0.5 காட்டுகிற மீட்டர் அது, அதைக் கழித்தால் கச்சிதம்.

ஆனால் வயரிங்கை அப்படி அளக்க முடியவில்லை. நான் தேடுவது ஓம் ஒன்றுக்குள் இருக்கிற தடை, மீட்டரின் லீடே அரை ஓம். ஒரு தடவை 1.1 காட்டியது, வயரை லேசாக அசைத்தால் 1.7. மீட்டர் அனுப்புகிற கரண்ட் ரொம்பச் சொற்பம் வேறு. எட்டு ஆம்பியர் பாயும்போது கெட்டுப்போகிற ஜாயின்ட், அந்தத் துளிக் கரண்டுக்கு நல்ல பிள்ளையாக நடிக்கலாம். ஓடுகிற லைனிலேயே வோல்ட்டையும் ஆம்பியரையும் எடுத்து, தடையைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க முடியும் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஓடுகிற லைனில் இன்னொரு தொல்லை, வோல்டேஜ் ஒரு இடத்தில் நிற்காது. முன்னால் 226 பார்த்துவிட்டு வீட்டைத் தாண்டிப் பின்னால் போவதற்குள் அது 221 ஆகியிருக்கும், யாரோ தெருவில் மோட்டார் போட்டிருப்பார்கள். அந்த முக்கோணத்து விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓமுக்கே இந்தத் தலைவலி இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டு 1825-இல் அவர் அளக்க ஆரம்பித்தபோது, அந்தக் காலத்து பேட்டரி நிலையாக நிற்காமல் அவர் கணக்கைக் குழப்பியது. அப்புறம்தான் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு (இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற சூட்டு வித்தியாசத்தால் மின்சாரம் தருகிற அமைப்பு) மாறினார், அது ஆடாமல் நின்றது. 1827-இல் வெளியான விதி அந்த நிலையான மூலத்தால் வந்தது. எனக்குத் தெருவை நிலையாக நிறுத்துகிற வசதி இல்லை, அதனால் மஞ்சள் மீட்டர், டாங் டெஸ்டர் (அதுவும் வோல்ட் காட்டும்) இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க ஏற்பாடு செய்தேன். தங்கச்சி முன்னால் மெயின் போர்டிலேயே இருக்கிற சின்ன பிளக் பாயின்ட்டில், நான் பின்கட்டில், இரண்டு போனிலும் ஸ்பீக்கர். அதற்கு முன்னால் இரண்டு மீட்டரையும் ஒரே பாயின்ட்டில் வைத்துப் பார்த்ததில் மஞ்சள் மீட்டர் 2 வோல்ட் அதிகமாகக் காட்டியது. அதைக் கழிக்காமல் விட்டிருந்தால் எல்லாமே தப்பாகியிருக்கும்.

ஹீட்டர் ஓடும்போது முன்னால் 226. பின்னால், ஹீட்டரின் டெர்மினலில் 215. இந்த டெர்மினல் அளவை நான் எடுக்கவில்லை, எங்கள் ஊர் வயர்மேன் அண்ணன் மூடியைக் கழற்றி எடுத்துக் கொடுத்தார், கரண்ட் ஓடுகிற ஹீட்டருக்குள் கையை விடுகிற தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம். டாங் டெஸ்டரில் 8.1 ஆம்பியர். உண்மையில் ஹீட்டருக்கு டாங் டெஸ்டர்கூடத் தேவையில்லை, 215-ஐ 26.45-ஆல் வகுத்தால் 8.13 வந்துவிடுகிறது.

ஈபி தரப்பில் குறை இல்லை, 226 வீட்டுக்குள் வந்துவிட்டது. மிச்சம் பதினோரு வோல்ட் எங்கள் வீட்டுக்குள்ளேதான் காணாமல் போகிறது.

பதினொன்றை 8.13-ஆல் வகுத்தால் 1.35 ஓம். இது போர்டிலிருந்து ஹீட்டர் வரை போய்த் திரும்புகிற வழி முழுவதின் தடை. இருக்க வேண்டியது எவ்வளவு? ரெண்டரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம். தூரம் 25 மீட்டர், போக வர 50 மீட்டர், 0.37 ஓம். பத்து மீட்டர் தூரத்துக்கு 0.15 என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், ஒன்றரை ஸ்கொயராக இருந்தால் 0.24. ஆக எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு ஓம் கூடுதல்.

ஒரு ஓம் தானே என்று எனக்கும் தோன்றியது. அப்புறம் திறனைப் போட்டுப் பார்த்தேன். ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் வாட், 1841-இல் விஞ்ஞானி ஜூல் அளந்து சொன்னது இதைத்தான். 8.13-இன் வர்க்கம் 66. ஐம்பது மீட்டர் வயரில் பரவுகிற சூடு 24 வாட், அது ஒன்றும் செய்யாது, மீட்டருக்கு அரை வாட். மிச்சம் 65 வாட் எங்கேயோ ஒன்றிரண்டு இடத்தில் குவிந்திருக்கிறது. குளியலறையில் எரிகிற அந்தக் குண்டு பல்பைக் கழற்றிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. எரிகிற அறுபது வாட் பல்பைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அந்த நம்பரைச் சொன்னதும் வயர்மேன் அண்ணன் சிரித்தார். அறுபதைத் தாண்டிய மனுஷர், சூத்திரம் எதுவும் அவருக்கு வேண்டாம். ஹீட்டர் ஓடி அரை மணி ஆனபிறகு ஒவ்வொரு பெட்டியின் மூடி மேலும் புறங்கையை வைத்துக்கொண்டே வந்தார். (புறங்கை எதற்கு என்றால், தப்பித் தவறி ஷாக் அடித்தால் விரல்கள் உள்பக்கம் மடங்கும், உள்ளங்கையால் தொட்டிருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டுவிடும்.) அடுப்படிப் பின்சுவரில் இருந்த ஜங்ஷன் பாக்ஸில் கை நின்றது. "இங்கதான் தம்பி காயுது." அவர் கையும் என் கணக்கும் ஒரே இடத்துக்கு வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம், அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

திறந்து வைத்து ஹீட்டரைப் போட்டு அவரே அளந்தார். ஜாயின்ட்டுக்கு முன்னால் 223.8, ஜாயின்ட்டுக்குப் பின்னால் 218.2. அரை விரல் நீளத்துக்குள் 5.6 வோல்ட், அதாவது 45 வாட். அப்புறம் குளியலறை சாக்கெட்டுக்கு வந்து சேர்வது 217.4, பிளக்கைத் தாண்டி ஹீட்டரில் 215. பழுத்துப் போன அந்தப் பின்னில் மட்டும் 2.4 வோல்ட், கிட்டத்தட்ட 20 வாட். நான் மீன் வாடை பிடித்த இடம் சின்னத் திருடன், பெரிய திருடன் வாடையே வராமல் சுவருக்குள் உட்கார்ந்திருந்தான்.

மெயினை ஆஃப் பண்ணிவிட்டு டேப்பைப் பிரித்தார். பழைய வீட்டின் வயரோடு, பின்கட்டு கட்டியபோது இழுத்த புது வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், யார் செய்தது என்று கேட்கவில்லை. டேப் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று உதிர்ந்தது. உள்ளே செம்பு செம்பாக இல்லை, கருத்து, சில இடத்தில் ஊதா நிறம். வயரின் சிவப்பு உறை இரண்டு அங்குலத்துக்கு உப்பி வெடித்திருந்தது. முறுக்கு லூஸாக இருந்தால் சூடாகும், சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், ஆக்சைடு தடையைக் கூட்டும், தடை கூடினால் இன்னும் சூடு. தினமும் காலையில் சூடாகி விரிந்து, அப்புறம் ஆறிச் சுருங்கி, முறுக்கு இன்னும் கொஞ்சம் தளரும்.

"எம்சிபி இருந்துமா அண்ணே?" என்று கேட்டேன். இது எனக்கு உண்மையிலேயே புரியாத இடம். அவர் சொன்னதைவிட என் நோட்டில் இருந்த கணக்கு தெளிவாகச் சொன்னது. அந்த எம்சிபி பதினாறு ஆம்பியர், ஓடுவது எட்டு. ஜாயின்ட் நன்றாக இருந்திருந்தால் 8.4 ஓடியிருக்கும், கெட்டதால் 8.13 ஆகக் குறைந்திருக்கிறது! சுவருக்குள் நெருப்பு மூட்டம் ஏற ஏற எம்சிபிக்குத் தெரிகிற கரண்ட் இறங்குகிறது. எர்த்துக்குக் கசிவு எதுவும் இல்லாததால் ஆர்சிசிபி (கசிவு இருந்தால் கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச்) வைத்திருந்தாலும் அதுவும் சும்மாதான் இருந்திருக்கும். இரண்டும் இருக்க வேண்டிய சாதனங்கள்தான், ஆனால் லூஸ் ஜாயின்ட் அவற்றின் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் அதைப் பார்த்தது அம்மாவின் மஞ்சள் பல்பு ஒன்றுதான். இதே லைனில் மூவாயிரம் வாட் ஹீட்டர் மாட்டலாமா என்று போன வருஷம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பியர் ஒன்றரை மடங்கு ஆகும், சூடு வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டே கால் மடங்கு.

கணக்கு கைக்கு வந்த ஜோரில் கிணற்று மோட்டாரையும் அளந்தேன். 225 வோல்ட், 7.2 ஆம்பியர், பெருக்கினால் 1620. ஒரு எச்பி என்றால் 746 வாட்தானே, இரண்டு மடங்கு இழுக்கிறதே, மோட்டார் போச்சு என்று அண்ணனிடம் போனில் புலம்பினேன். மோட்டார் போகவில்லை, என் பெருக்கல்தான் அங்கே செல்லாது. ஹீட்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், பெருக்கினால் வாட். மோட்டாரில் ஆம்பியர் கொஞ்சம் பின்தங்கி வரும், பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர், அதில் ஒரு பகுதிதான் வாட்.

உண்மையான வாட்டைப் பார்க்க ஈபி மீட்டரே போதும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை சிவப்பு விளக்கு மினுக்கும் என்று போட்டிருக்கிறது. (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) வீட்டில் மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும், எண்ணியதை 18.75-ஆல் பெருக்கினால் வாட். மோட்டாருக்கு 61, ஆக 1144 வாட். அதில் 746 தண்ணீரை இறைக்கிற பக்கம் போக, மிச்சம் மோட்டாரின் சொந்தச் சூடும் உராய்வும். 1144-ஐ 1620-ஆல் வகுத்தால் 0.71, அதுதான் பவர் ஃபேக்டர். அதே மாதிரி மோட்டார் காயிலை ஓம் ரேஞ்சில் அளந்து 230-ஐ அதனால் வகுக்கவும் கூடாது, பயமுறுத்துகிற ஆம்பியர் வரும்.

ஜங்ஷன் பாக்ஸில் கருகிய பகுதியை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி, திருகு கனெக்டர் போட்டு இறுக்கினார். புது சாக்கெட், புது பிளக் டாப். மொத்தச் செலவு ஆயிரத்துக்குள். திரும்ப அளந்தோம், முன்னால் 226, பின்னால் 222.5, கரண்ட் 8.4. மூன்றரை வோல்ட் போகிறது, 0.42 ஓம், அது வயருக்கே உரியது.

கரண்ட் பில் பாதியாகும் என்று நான் அம்மாவிடம் அடித்துவிட்டிருந்தேன். அதற்கும் கணக்கு இருக்கிறதே. பழுது இருந்தபோது ஹீட்டருக்குப் போன திறன் 1748 வாட், இப்போது 1870. பதினைந்து லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரி சூடாக்க முன்பு 18 நிமிஷம், இப்போது 17-க்குக் கொஞ்சம் கீழே. பில்லில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் வரப்போவதில்லை. "அதே நேரந்தான ஆகுது, இதுக்கா நாலு நாளா வீட்டை ரெண்டு பண்ணுன?" என்றார். கருகிய ஜாயின்ட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உள்ளயா இருந்துச்சு" என்று அடுப்படிச் சுவரைப் பார்த்தார், அந்தச் சுவரை ஒட்டித்தான் சிலிண்டர் வைத்திருந்தோம்.

சிலிண்டரை அன்றைக்கே இடம் மாற்றியாயிற்று. பல்பு மட்டும் ஹீட்டர் போட்டால் இன்னும் ஒரு பொட்டு முழுங்குகிறது என்கிறார் அம்மா. மூன்றரை வோல்ட்டுக்கு அவ்வளவு முழுங்கத்தான் செய்யும், எனக்குத்தான் அது தெரிவதில்லை.